நம் ஊர்ச் சூட்டில் தங்கமீன் குஞ்சு வளர்க்க

தங்கமீன் முட்டை பொரிக்க 5 நாளாவது ஆகும் என்று எங்காவது படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது 20 டிகிரித் தண்ணீருக்கு எழுதிய கணக்கு. மலேசியாவில், ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுத் தொட்டியில் விடிகாலையிலேயே தெர்மாமீட்டர் 27 காட்டும். பிற்பகலில் 29, மழை இல்லாத நாளில் 30. இந்தச் சூட்டில் திங்கட்கிழமை காலை இட்ட முட்டை புதன் இரவு பொரிந்துவிடும், தள்ளிப்போனால் வியாழன் காலை. சனிக்கிழமை குஞ்சு நீந்தி இரை தேடும். அன்றைக்குக் கொடுக்க எதுவும் கையில் இல்லையென்றால் அடுத்த வாரம் பிறக்கும்போதே தொட்டி காலியாகத் தொடங்கும். மீன் முட்டையிட்ட அன்றே குஞ்சுக்கான இரையைத் தேடிவைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலைப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும், மதியம் ஏற்றப் போகும் முன்பும் வீட்டுக்கு வந்துபோக நேரம் கிடைக்கும். குஞ்சு வளர்க்க இது பெரிய வசதி. காலை 8 மணிக்குப் போய் இரவு 7 மணிக்குத் திரும்பும் வேலையென்றால் வீட்டில் இன்னொருவரைப் பழக்கிவைக்காமல் இதில் இறங்க வேண்டாம். என் வீட்டில் அந்த இன்னொருவர் என் மாமியார். மருந்துக்குப் பயன்படும் சொட்டுக்குழாயைக் கையில் கொடுத்து, "ஒரு தடவைக்கு மூணு குழாய், அதுக்கு மேல ஒரு சொட்டு கூட வேணாம் அத்தே" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவரும் கணக்காகத்தான் கொடுக்கிறார், குஞ்சுகளைப் பார்த்துப் பாவப்பட்டாலும்.

முட்டை கிடைப்பது இங்கே அவ்வளவு கடினமில்லை. ஆண் மீனுக்குச் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் உப்பைத் தூவிவிட்டது போல வெள்ளைப் புள்ளிகள் எழும்பும். இதை வெள்ளைப் புள்ளி நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. நோய்ப் புள்ளி உடம்பு, வால் என்று எல்லா இடத்திலும் வரும், இது அந்த இரண்டு இடத்தோடு நிற்கும். பெண்ணை மேலிருந்து பார்த்தால் வயிறு ஒரு பக்கமாகப் பிதுங்கித் தெரியும். தீபாவளியை ஒட்டி நல்ல மழை பெய்து தண்ணீர் குளிர்ந்தால், அல்லது நீங்களே சற்றுக் குளிர்ந்த தண்ணீரில் பாதித் தொட்டியை மாற்றினால், மறுநாள் விடியலில் ஆண் பெண்ணைத் துரத்துவதைப் பார்க்கலாம். துரத்தல் காலையிலேயே முடிந்துவிடும். முடிந்த கையோடு இரண்டும் சேர்ந்து முட்டையைத் தின்னத் தொடங்கும், பெற்றதுகள் என்ற பாசமெல்லாம் கிடையாது.

முட்டை ஒட்டுகிற சாதி. ஒட்டுவதற்கு எதையாவது வைத்தால்தான் அதை அப்படியே எடுக்கலாம். கடையில் விற்கும் நார்க்கற்றை வேண்டாம், பாசாரில் மூட்டை கட்டும் ராஃபியா கயிறு போதும். ஒரு முழத் துண்டுகளாக வெட்டி, நடுவில் கட்டி, பழைய சீப்பால் வாரிவிட்டால் மெல்லிய நாராகப் பிரியும். வெந்நீரில் அலசிவிட்டு, ஒரு கல்லைக் கட்டித் தொட்டியில் போடுங்கள். துரத்தல் ஓய்ந்ததும் கயிற்றை மட்டும் எடுத்து வேறு பாத்திரத்தில் வைக்க வேண்டியதுதான். ஒரு பெண் மீன் சில நூறு முட்டையிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் இடும். எல்லாவற்றையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒரு கயிறு போதும். அதுவே பிறகு அதிகமாகத் தெரியும்.

முட்டைக்கு நான் வைப்பது துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பேசின். தண்ணீர் ஒரு சாண் ஆழம், ஏறக்குறைய 20 லிட்டர். தாய்த்தொட்டித் தண்ணீர் பாதி, குளோரின் நீக்கிய புதுத்தண்ணீர் பாதி. பால்கனியில் வைக்காமல் கூடத்தின் தரையில், டைல்ஸ் மேல் வைக்கிறேன். தண்ணீர் 30-ஐத் தாண்டினால் முட்டைக்குள்ளேயே முதுகு வளைந்த குஞ்சுகள் கூடுகின்றன. கூடத்துத் தரை பால்கனியைவிட 2 டிகிரியாவது குறைவு. ஏர் ஸ்டோனில் காற்றை மிக மெதுவாக, குமிழி ஒவ்வொன்றாக வரும்படி திருகிவையுங்கள்.

ஒரு நாள் கழித்துப் பார்த்தால் கருக்கட்டிய முட்டை தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கருக்கட்டாதது வெள்ளையாகி, அதன்மேல் பஞ்சு பூக்கும். அந்தப் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைப் பேசினின் அடி தெரிகிற இளநீலம் வரும்வரை சொட்டுச் சொட்டாக விடலாம். நான் பெரும்பாலும் ரோட்டோரம் விழுந்துகிடக்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) சருகு ஒன்றைக் கழுவிப் போடுகிறேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பூஞ்சையும் அடங்கியிருக்கும். மருந்து தெளித்த இடத்தில் பொறுக்காதீர்கள். மெத்திலீன் புளூ போட்டவர்கள், குஞ்சு நீந்தத் தொடங்கும் முன் பாதிப் பாதியாகத் தண்ணீரை மாற்றி நீலத்தை வெளியேற்றுங்கள். அந்த நீலம் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும்.

பொரிந்த குஞ்சு அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். உடம்பில் நிறமே கிடையாது, கண் இரண்டும் மட்டும் கறுப்பு. பேசின் சுவரிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். செத்துவிட்டது என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பையிலிருந்து அது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றரை, இரண்டு நாளில் நீங்கள் இரை போட்டால் தண்ணீர் கெடுவது ஒன்றுதான் நடக்கும். செய்ய வேண்டியது வேறு: தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் டிஷ்யூ தாளை மேலே விரித்துப் படலத்தோடு எடுத்துவிடுங்கள். குஞ்சு முதல்முறை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கித்தான் தன் நீச்சல் பையை நிரப்புகிறது. படலம் தடுத்தால் அது முடியாமல், வாழ்நாள் முழுக்கத் தரையோடு வயிற்றைத் தேய்த்துக்கொண்டு திரியும் மீனாகிவிடும். சமையலறைக்கு எதிரே பேசினை வைப்பவர்கள் மீன் பொரிக்கும் நாளில் மேலே ஒரு துணியைப் போட்டு மூடுங்கள்.

இப்போது இரை. முதல் இரண்டு வாரத்துக்கு ஆர்ட்டீமியாவை மிஞ்சியது எதுவும் இல்லை. உப்பு நீரில் வாழும் ஒரு வகைச் சிற்றிறாலின் முட்டை அது, காய்ந்த பழுப்புத் தூளாக மீன் கடையில் கிடைக்கும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பேரியிலிருந்து வருவது ஒன்று. வியட்நாமின் வின் சாவ் உப்பளங்களிலிருந்து வருவது இன்னொன்று, அதன் குஞ்சு சற்றுச் சிறியது. தங்கமீன் குஞ்சுக்கு இரண்டும் வாய்க்கு அடங்கும். எதை வாங்கினாலும் தகரத்தைத் திறந்த பிறகு ஈரம் பட்டால் பாதி பொரிக்காது, நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும். இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். ரசப்பொடி என்று யாரும் எடுத்துவிடக் கூடாது என்று என் மனைவி அதன்மேல் "மீன்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள்.

பொரிக்கவைக்கும் முறை இது. 1.5 லிட்டர் மினரல் வாட்டர் போத்தலின் அடியை வெட்டி, மூடியை இறுக்கித் தலைகீழாக நிறுத்துங்கள். 1 லிட்டர் தண்ணீரும் மட்டமாக எடுத்த இரண்டு மேசைக்கரண்டிக் கல்லுப்பும் போடுங்கள். அயோடின் சேர்க்காத கரடுமுரடான உப்பு நல்லது. நிறுத்துப் போடுவதானால் 25 முதல் 30 கிராம். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் தண்ணீர் காரத்தன்மைக்கு ஏறி, பொரிப்பு கூடும். ஆர்ட்டீமியா முட்டை அரைத் தேக்கரண்டி. காற்றுக்குழாயை அடிவரை விட்டு, எதுவும் படியாதபடி பலமாகக் காற்றடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்கு ஹீட்டர் வாங்குகிறார்கள். நமக்கு வானமே ஹீட்டர். 24 மணி நேரத்தில் போத்தல் முழுக்க ஆரஞ்சு நிறப் புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்கும்.

அறுவடையில் அவசரம் கூடாது. காற்றை நிறுத்தி, விளக்கைப் போத்தலின் அடிப்பக்கமாகத் திருப்பி, 10 நிமிடம் விடுங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும். பொரிக்காதவை கழுத்தின் அடியில் படியும். உயிருள்ளவை வெளிச்சத்தை நோக்கிக் கூடும். மெல்லிய குழாயால் அந்த ஆரஞ்சுக் கூட்டத்தை மட்டும் உறிஞ்சி, நெருக்கமாக நெய்த கைக்குட்டையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, பிறகுதான் மீனுக்கு. ஓடு குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும், உப்பு தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அலசாமல் கொடுக்காதீர்கள்.

ஆர்ட்டீமியா பொரிந்த சில மணி நேரத்தில் தன் மஞ்சள் கருவைத் தானே தின்று தீர்த்துவிடும், அதற்குப் பிறகு மீனுக்குச் சத்துக் குறைவு. இரண்டு போத்தல் வைத்து, ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் தொடங்கினால் எப்போதும் புதியது கையில் இருக்கும். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். முதல் போத்தலை எப்போது தொடங்குவது? திங்களன்று முட்டையென்றால் வியாழன் இரவு ஒன்று, வெள்ளி காலை இன்னொன்று.

குஞ்சு சாப்பிட்டதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. உடம்பு ஒளி ஊடுருவும்படி இருப்பதால், தின்ற ஐந்தாவது நிமிடம் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். எல்லா வயிறும் ஆரஞ்சானதும் நிறுத்துங்கள். தங்கமீனுக்கு இரைப்பை என்று ஒன்று கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும், சேர்த்துவைக்க இடமில்லை. ஒரே தடவையில் நிறையப் போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடுவது நல்லது என்பது இதனால்தான். என் வேன் நேரத்தோடு சேர்த்துச் சொன்னால்: விடிகாலை கிளம்பும் முன், எட்டரைக்குத் திரும்பியதும், மதியம் கிளம்பும் முன், மூன்றரை வாக்கில், கடைசியாக விளக்கு வைத்த பிறகு. இடையில் ஒன்று தவறினால் பரவாயில்லை, இரண்டு தவறக் கூடாது.

ஆர்ட்டீமியா கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கரு கைகொடுக்கும். பட்டாணி அளவை மெல்லிய துணியில் கட்டி, ஒரு குவளைத் தண்ணீரில் பிழிந்து, அந்தப் பால் நிறத் தண்ணீரில் சில சொட்டு. அவ்வளவுதான். மஞ்சள் கருவில் செத்த குஞ்சுகளில் பட்டினியால் செத்தவை குறைவு, தண்ணீர் அழுகிச் செத்தவைதான் அதிகம். மொய்னா கிடைத்தால் அருமை. நன்னீரில் வாழும் சிற்றுயிர் என்பதால் தொட்டியில் உயிரோடேயே இருக்கும், அதன் குட்டி ஆர்ட்டீமியாவைவிடக் கொஞ்சம் சிறியது. ஆனால் குளத்திலிருந்து அள்ளிய மொய்னாவோடு தும்பியின் இளம் புழுவும் வந்துசேரும். அது ஒரே இரவில் எத்தனை குஞ்சைத் தின்னும் என்று பார்க்க விரும்பமாட்டீர்கள்.

கொசுப் புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மீன்காரர்கள் வாளியில் தண்ணீர் வைத்துக் கொசுப் புழு பிடித்துக் கொடுப்பார்கள். மீனுக்கு நல்ல இரைதான். ஆனால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி வீட்டில் கொசுப் புழு இருப்பதே குற்றம், சுகாதார அதிகாரிகள் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், டெங்கி வந்து படுத்தவர்கள் இல்லாத பிளாட் உண்டா? பாசி நிறைந்த பச்சைத் தண்ணீர் வளர்க்க வெயிலில் வாளி வைப்பவர்களும் கொசுவலைத் துணியால் வாயை இறுகக் கட்டிவையுங்கள்.

டெங்கியோடு சேர்ந்து வருவது புகையடிப்பு. எங்கள் பிளாக்கில் யாருக்காவது காய்ச்சல் உறுதியானால் மறுநாளே ஆட்கள் வந்து புகையடிப்பார்கள். அந்த மருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது, குஞ்சுக்கு இன்னும் மோசம். அறிவிப்பு வந்தால் பால்கனிக் கதவை அடைத்து, பேசினையும் தொட்டியையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அதன்மேல் ஈரத் துணி போடுங்கள். ஏர் பம்பை நிறுத்துங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிற சாதனம், மூடிப் பயனில்லை. புகை கலைந்து, வீட்டைத் திறந்துவிட்டு, வாடை போன பிறகு பம்பைப் போடலாம். குஞ்சு நெருக்கமில்லாமல் இருந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். வீட்டில் அடிக்கும் கொசு ஸ்பிரேக்கும் இதே விதிதான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு எதற்கு வம்பு என்று நான் பம்பையே சாமி மேடையிலிருந்து தூரத் தள்ளிவைத்துவிட்டேன்.

இனி தண்ணீர். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால், 30-இல் ஏழரை. அம்மோனியாவின் விஷப் பகுதியோ அதே பத்து டிகிரி ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். குளிர் நாட்டில் ஒரு வாரம் தாங்கும் அழுக்கை நம் தொட்டி இரண்டு நாள் தாங்காது. அதனால் இரை போடத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் கால் பங்கு, இரண்டாம் வாரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். காற்றுக்குழாய்த் துண்டு ஒன்றால் தண்ணீரை உறிஞ்சி, அதன் நுனியை அடியில் மெதுவாக நகர்த்தி அழுக்கை வெள்ளை வாளிக்குள் இறக்குங்கள். வெள்ளையாக இருந்தால்தான் கூடவே போன குஞ்சு கண்ணில் படும், கரண்டியால் எடுத்துத் திரும்ப விடலாம். புதுத்தண்ணீரை முதல் நாள் இரவே பிடித்து ஆண்டி-குளோரின் போட்டுவையுங்கள். பிற்பகலில் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர்தான் வரும், தொட்டாலே சுடும்.

ஃபில்டர் வேண்டுமென்றால் ஸ்பாஞ்ச் மட்டும், மோட்டார் ஃபில்டர் குஞ்சை உறிஞ்சிவிடும். புது ஸ்பாஞ்ச், நல்ல பாக்டீரியா குடியேறும்வரை, சில வாரத்துக்கு வெறும் பஞ்சுதான். அதனால் பெரிய மீன் தொட்டியில் முன்பே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைப் பிழியாமல் இடம் மாற்றுங்கள்.

இரண்டாம் வாரம் முடியும்போது பொடித்த இரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம், ஆர்ட்டீமியாவை ஒரேயடியாக நிறுத்திவிடாமல். மாத்திரையாக வரும் நல்ல மீன் உணவை அம்மியிலோ மிளகு அரைக்கும் சின்ன மில்லிலோ மாவாக்கிச் சலித்தால் போதும். மூன்றாம் வாரத்தில் உறையவைத்த இரத்தப்புழுவை நறுக்கிக் கொடுக்கலாம். உயிருள்ள சுத்ராப் புழு (நூல் போல மெலிந்த டியூபிஃபெக்ஸ் புழு) வாங்கினால், தண்ணீர் தெளியும்வரை பலமுறை அலசாமல் கொடுக்காதீர்கள். அது வளர்வது சாக்கடைச் சேற்றில்.

அந்த மூன்றாம் வாரம்தான் பிரித்தெடுக்கவும் நேரம். வெள்ளைக் கிண்ணத்தில் பத்துப் பத்தாக எடுத்து மேலிருந்து பாருங்கள். என்னிடம் உள்ளவை ஒராண்டாவும் ரியுக்கினும், இரண்டும் இரட்டை வால் தங்கமீன் வகைகள். இரட்டை வால் பெற்றோருக்கும் ஒற்றை வால் குஞ்சு பிறக்கும். ஒற்றை வாலில் குறை ஒன்றும் இல்லை, நல்ல திடமான மீன். ஆனால் வேகமாக நீந்தி மற்றவற்றின் இரையைத் தின்றுவிடும், அதனால் தனித் தொட்டி. முதுகு முறுக்கியவை, நீந்தவே முடியாமல் தரையில் தவழ்பவை என்ன ஆவது என்று கேட்பீர்கள். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவிட்டு, எழாமலே விட்டுவிடுவதுதான் வலி குறைந்த வழி. எனக்குப் பிடிக்காத வேலை, வெள்ளிக்கிழமையில் செய்வதில்லை, ஆனாலும் செய்கிறேன். வடிகாலிலோ ஆற்றிலோ விடுவது இரக்கமில்லை. தங்கமீன் எந்தக் கலங்கலிலும் பிழைத்துச் சேற்றைக் கிளறும், அங்குள்ள மீன்களுக்குத்தான் கேடு.

எண்ணிக்கையில் கறாராக இருங்கள். தொடக்கத்தில் லிட்டருக்கு ஒரு குஞ்சு, ஒரு மாதத்தில் ஒன்றுக்கு 5 லிட்டர். இரண்டடித் தொட்டியில் 50 லிட்டர்தான் பிடிக்கும், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். நெருக்கத்தில் வளர்ந்த குஞ்சு குட்டையாகவே நின்றுவிடும், பிறகு எவ்வளவு போட்டாலும் விட்டதைப் பிடிக்காது.

நிறத்துக்கு அவசரப்படாதீர்கள். பெரும்பாலான குஞ்சு முதலில் மங்கிய பச்சை கலந்த பழுப்புதான். இங்கே பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதத்தில் வயிற்றுப் பக்கமிருந்து மஞ்சள் ஏறத் தொடங்கும், சில மீன் ஒரு வருடம் இழுக்கும், சில மாறவே மாறாது. ஒராண்டாவின் தலைக் கொண்டையும் மாதக்கணக்கில்தான் வரும். நிறம் ஏறவில்லை என்று ஏதாவது பொடியை வாங்கிப் போடாமல், காலை வெளிச்சம் படும் இடத்தில் தொட்டியை வையுங்கள்.

வேனில் ஏறும் பிள்ளைகள் "அங்கிள், எனக்கு ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இரண்டு மாதம் ஆகாத குஞ்சை யாருக்கும் கொடுப்பதில்லை. அம்மாவோ அப்பாவோ தொட்டியும் ஏர் பம்பும் வாங்கிப் படம் அனுப்பிய பிறகுதான் கொடுப்பேன். கண்ணாடி உருண்டைக் கிண்ணம் என்றால் இல்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் இரை போடாதீர்கள், பையில் தண்ணீர் அழுக்காகாது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வீட்டுக்குப் போனதும் பையை அப்படியே தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடச் சொல்லுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். அன்றிரவு இரையும் வேண்டாம்.